கார்ப்பரேட் மார்க்கெட்டிங் டீமில் டிசைன் இன்டர்ன்ஷிப்: 5க்கு மூன்றரை

ஆறாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போகலாம் என்று விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் போனது சென்னை ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் டீம், கிராஃபிக் டிசைன் இன்டர்னாக. டிசம்பரில் சேர்ந்து ஏப்ரலில் முடித்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, தனியாக மெசேஜ் போட்டுக் கேட்காதீர்கள். மார்க் போடச் சொன்னால் 5க்கு மூன்றரை. அதில் பெரும்பங்கு அந்த டீமில் இருந்த ஒரே ஒரு சீனியர் டிசைனருக்குப் போகிறது. அவர் இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றரைக்கு மேல் என் கை எழும்பியிருக்காது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்ப்பரேட் மார்க்கெட்டிங் டீம் என்றால் உள்ளே கன்டென்ட் எழுதுபவர், கூகுள் தேடலில் முன்னால் வர வைக்கும் எஸ்இஓ பார்ப்பவர், விளம்பரத்துக்குப் பணம் போட்டு லீட் (வாங்க வாய்ப்புள்ளவர்கள்) எண்ணுபவர், ஈவென்ட் பார்ப்பவர், ப்ராடக்ட் மார்க்கெட்டிங் ஆட்கள் என்று ஒரு கூட்டமே இருக்கும். டிசைனர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். சில இடங்களில் ஒருவரும் இல்லை, இன்டர்ன்தான் டிசைனர். என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படி ஒரு இடத்தில் மாட்டினாள். அவள் செய்வது சரியா தப்பா என்று சொல்ல ஆள் கிடையாது, "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் பாப் ஆகணும்" என்பதைத் தாண்டி அவளுக்கு ஒரு வார்த்தை பின்னூட்டம் வரவில்லை. வேலை மட்டும் மலை மாதிரி வந்தது. ஆகவே நிறுவனம் எவ்வளவு பெரிசு, கேன்டீன் எப்படி, கேம்பஸில் மரம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். உங்கள் ஃபைலைத் திறந்து பார்த்துத் திட்டுவதற்கு அங்கே ஒரு டிசைனர் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பக்க பிடிஎஃப் போர்ட்ஃபோலியோ அனுப்பினேன், ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள், கற்பனையான ஒரு வெபினாருக்கு ஒரே போஸ்டர் இரண்டு சைஸில். இது நியாயமான டெஸ்ட். கவனிக்க வேண்டியது, சில இடங்களில் டெஸ்ட் என்ற பெயரில் அவர்கள் லோகோவையே கொடுத்து, வரப்போகிற பண்டிகைக்கு ஐந்தாறு போஸ்ட் செய்து தரச் சொல்கிறார்கள். அது டெஸ்ட் கிடையாது, இலவச வேலை. இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. போர்ட்ஃபோலியோவில் ஒரு பக்கத்தைக் காட்டி, "இதில் ஒன்றை நீக்கச் சொன்னால் எதை நீக்குவாய்?" என்று கேட்டார்கள், நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டைபண்ட் மாதம் 10,000. சோழிங்கநல்லூர் பக்கம் பிஜியில் சாப்பாட்டோடு தங்கினால் அதில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும். ஊரில் இருந்து வருகிறவர்கள் வீட்டில் கொஞ்சம் கை நீட்டாமல் முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர்களுக்கு கேப் உண்டு, இன்டர்னுக்குக் கிடையாது. பஸ்தான். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக ஓஎம்ஆர் நெடுக நடுரோட்டில் தடுப்பு வைத்திருப்பதால், மேப் காட்டும் நேரத்தை நம்பிக் கிளம்பினால் காலை மீட்டிங் முடிந்தபிறகுதான் போய்ச் சேருவீர்கள். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது ஒரு வருடப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 என்று அறிவித்தார்கள். முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது கிடையாது என்பது அப்போதைய விதி, அதனால் செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்கு அதை நம்ப முடியவில்லை. படிப்பு முடிந்ததும் வேண்டுமானால் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வாரம் முழுக்க பிராண்ட் கைட்லைன் பிடிஎஃப்பைப் படித்தேன். லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த நீலம், எந்த நீலம் கூடவே கூடாது, எந்த ஃபான்ட், தலைப்பில் முற்றுப்புள்ளி வைக்கலாமா என்பது வரை அதில் இருந்தது. கல்லூரியில் நாம் ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் ஒரு புது உலகத்தையே படைத்துக்கொண்டிருந்தவர்கள், இங்கே வந்து மற்றவர் போட்ட கோட்டுக்குள் நடக்கச் சொன்னால் முதலில் எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது. போகப்போக, கோடு இருப்பதால் யோசிக்க வேண்டியவை குறைகின்றன, மிச்ச மூளையை வேறு எதற்காவது செலவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒருவேளை அது பழக்கமாகவும் இருக்கலாம்.

இன்டர்னின் அன்றாட வேலை அடாப்டேஷன். சீனியர் ஒரு மாஸ்டர் கிரியேட்டிவ், அதாவது மூல டிசைன், செய்வார், அதை நீங்கள் எல்லா சைஸுக்கும் மாற்ற வேண்டும். லிங்க்ட்இனுக்கு 1200க்கு 627 பிக்சல், இன்ஸ்டாவுக்கு 1080க்கு 1350, ஸ்டோரிக்கு 1080க்கு 1920, யூடியூப் தம்ப்நெயிலுக்கு 1280க்கு 720. அப்புறம் கூகுள் விளம்பர பேனர்கள்: 300க்கு 250, 160க்கு 600, 728க்கு 90. கேட்கும்போது குமாஸ்தா வேலை மாதிரி இருக்கிறதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த 728க்கு 90 இருக்கிறதே, ரயில் டிக்கெட்டை விட ஒல்லியாக, அதில் ஒரு தலைப்பு, ஒரு படம், ஒரு பட்டன், ஒரு லோகோ, ப்ராடக்ட் மேனேஜர் விடாப்பிடியாகக் கேட்கும் ஒரு விருதுச் சின்னம், இத்தனையும் அடக்கி, படிக்கவும் முடிகிற மாதிரி, ஃபைல் 150 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். சீனியர் என் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சின்னதாக்கிட்டே, எதையுமே தூக்கலையே" என்றார். படத்தைத் தூக்கினேன். தலைப்பில் பாதியைத் தூக்கிவிட்டு கன்டென்ட் எழுதுபவரிடம் போய்க் கெஞ்சி நாலு வார்த்தையில் புதிதாக எழுதி வாங்கினேன். விருதுச் சின்னத்தைத் தூக்க மட்டும் என் தகுதிக்கு முடியவில்லை, அதற்கு சீனியர் போய்ப் பேச வேண்டியிருந்தது. மூன்று வருடம் படித்ததில் கிடைக்காத ஒரு தெளிவு இந்தப் பேனர்களில் கிடைத்தது. ஹையரார்க்கி (எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்ற வரிசை) என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், ஆனால் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று நிற்கும் என்று கைக்குத் தெரிந்தது இங்கேதான்.

அப்ரூவல் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ஒரு சாதாரண வெபினார் போஸ்ட், மார்க்கெட்டிங் மேனேஜர், ப்ராடக்ட் மார்க்கெட்டிங், பேசப்போகிறவர், சில சமயம் சேல்ஸ் தலைவர் என்று நான்கு கை மாறும். முதல் ஆள் நீலத்தைக் கூட்டச் சொல்வார், மூன்றாவது ஆள் குறைக்கச் சொல்வார். பேச்சாளர் தன் பழைய போட்டோவை அனுப்பி இதைப் போடுங்கள் என்பார், அது யாரோ கல்யாணத்தில் எடுத்து வாட்ஸாப்பில் வந்தது, தோளில் பக்கத்து ஆளின் கை தெரியும். அந்தக் கையை அழிப்பதில் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். ஏஐ வைத்து இடத்தை நிரப்பும் ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் வந்தபின் இது நிமிட வேலை, மறுக்கவில்லை. ஃபைல் பெயரில் ஃபைனல், ஃபைனல் 2, ரியல் ஃபைனல் என்று வைக்கக்கூடாது, தேதியும் பதிப்பு எண்ணும் மட்டும்தான் என்பது இங்கே கண்டிப்பான சட்டம். அந்தப் பழக்கத்துக்காகவே அந்த டீமுக்கு ஒரு கும்பிடு.

கூப்பிடும் முறை பற்றி ஒரு சிறு செய்தி. சார், மேடம் கூடாது, எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். விருதுநகர் பக்கத்துப் பையனான எனக்கு, என்னைவிடப் பத்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயே வரவில்லை. மீட்டிங்கில் பெயரையே தவிர்த்துவிட்டுப் பேசுவேன், லிஃப்டில் "அக்கா" என்று சொல்லிவிடுவேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கல் வாரத்தில் நடந்ததுதான் இந்த இன்டர்ன்ஷிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிறுவனத்தின் பண்டிகை வாழ்த்துகள் வெளியூரில் இருக்கும் ஒரு ஏஜென்சியில் இருந்து வரும். பொங்கல் வாழ்த்து வந்தது. பானையில் பொங்கல் பொங்கவில்லை, ஏதோ பூ அலங்காரம். அதைக்கூட விட்டுவிடலாம். தமிழ் எழுத்தைப் பார்த்தால் "பொங்கல்" உடைந்து கிடந்தது. பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. டீமில் பாதிப்பேர் தமிழர்கள், ஆனாலும் ஸ்லாக்கில் (ஆபீஸ் சாட்) அந்த வாழ்த்துக்கு அதற்குள் பதினைந்து இதயம் விழுந்திருந்தது. நான் எழுதிச் சொன்னேன். ஏஜென்சி, "எங்கள் பக்கம் டெக்ஸ்ட்டைக் காப்பி பேஸ்ட்தான் செய்தோம், மாற்றவில்லை" என்று பதில் போட்டார்கள். அது உண்மைதான். அடோபி மென்பொருள்களில் இயல்பாக இருக்கும் கம்போசர் (எழுத்துகளை வரிசையில் அடுக்கும் பகுதி) நம் எழுத்துக்களைச் சேர்க்கத் தெரியாமல் இப்படி உடைக்கும். பாராகிராஃப் பேனலில், இன்டிசைன் என்றால் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கும் இல்லஸ்ட்ரேட்டர் என்றால் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் கம்போசருக்கும் மாற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை மாற்ற வேண்டும். இதைச் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை. தெரியாதவர் கண்ணுக்கு உடைந்ததும் உடையாததும் ஒன்றுதான், அதனால் யாரும் தேடவே மாட்டார்கள்.

வாழ்த்தைத் திரும்பச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. அடுத்த சிக்கல் ஃபான்ட். நிறுவனத்தின் ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே கிடையாது, கைட்லைனிலும் தமிழுக்கு ஒரு வரி இல்லை. ஊரில் ஃபிளெக்ஸ் கடையில் இருக்கும் பழைய ஃபான்ட்டுகள் யூனிகோடு கிடையாது, யாருடையது என்றும் தெரியாது, லீகல் டீம் கேட்டால் பதில் சொல்ல முடியாது. கூகுள் ஃபான்ட்ஸில் இருந்து முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் நான்கையும் எடுத்து, ஆங்கில ஃபான்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் போட்டுக் காட்டினேன். நான்கும் திறந்த உரிமம் என்பதால் லீகலில் இருந்து ஒரே நாளில் சரி என்றார்கள். முக்தா மலரைத் தேர்ந்தெடுத்தோம், தடிமன் வகைகள் நிறைய இருப்பதும் நிறுவனத்தின் ஆங்கில எழுத்தோடு கனம் ஒத்துப்போனதும் காரணம். தமிழுக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வேண்டும், மேலே கொக்கியும் கீழே சுழியும் முட்டிக்கொள்ளும், ஆங்கிலத்துக்கு வைத்ததையே வைத்தால் மூச்சுவிட இடமிருக்காது, இதையும் அந்தப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்த ஒரு பக்கம் இப்போது அவர்களின் கைட்லைனில் பின்னிணைப்பாக இருக்கிறது. இன்டர்ன்ஷிப் முடிந்து நான் காட்டிப் பெருமைப்படுவது அதைத்தான், ஆனால் போர்ட்ஃபோலியோவில் போட முடியாது, அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன்.

பிரின்ட் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாஃப்ட்வேர் கம்பெனியில் பிரின்ட் வராது என்று நினைத்துக்கொண்டு போனேன். நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஒரு கண்காட்சிக்கு ஸ்டால் எடுத்தார்கள், இரண்டு வாரம் ஆபீஸே தலைகீழ். ரோல்-அப் ஸ்டான்டி (சுருட்டி எடுத்துப்போய் நிறுத்தும் பேனர்), ஸ்டாலுக்கான பின்சுவர், துண்டுப் பிரசுரம், கழுத்துப் பட்டை, எல்லாம். ஸ்டான்டியின் அடிப்பகுதியில் சில அங்குலம் அந்த ஸ்டாண்டுக்குள்ளேயே சுருண்டு போய்விடும், அங்கே வெப்சைட் முகவரியை வைத்தால் தரையில் குனிந்து பார்த்தாலும் தெரியாது. ராயப்பேட்டையில் இருந்த பிரின்ட் கடைக்கு என்னையும் அனுப்பினார்கள். அங்கே இருந்த அண்ணன் என் பிடிஎஃப்பைத் திறக்கும் முன்பே கேட்டது, "கர்வ் போட்டாச்சா தம்பி?" அவரிடம் கோரல் டிரா, எங்களுடைய ஃபான்ட் அவர் சிஸ்டத்தில் கிடையாது, எழுத்தைக் கர்வ், அதாவது வெறும் வடிவக் கோடுகள், ஆக்காமல் கொடுத்தால் வேறு ஏதாவது ஃபான்ட்டில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்று மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போவதற்காக ஓரத்தில் விடும் கூடுதல் இடம்), கட்டிங் மார்க், எல்லாம் கல்லூரியில் சொன்னதுதான். சொல்லாதது, திரையில் நாம் காதலித்த அந்த நீலம் அச்சு மைக்கான சிஎம்ஒய்கேவில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும் என்பது. ஈவென்ட் டீம் எங்களைக் கேட்காமல் திரைக்கான ஆர்ஜிபி ஃபைலை நேரே வேறொரு கடைக்கு அனுப்பியிருந்தார்கள், பின்சுவர் அப்படி ஒரு ஊதாவில் வந்தது, பிராண்ட் கைட்லைனில் "கூடவே கூடாது" என்று போட்டிருந்த நிறத்துக்கு நெருங்கிய சொந்தம். மறுபடி அடிக்க நேரமில்லை, அதையே மாட்டினார்கள். கண்காட்சிக்கு வந்த யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

மார்ச் மாதம் வேறு ஒரு வேடிக்கை. நிதியாண்டு முடியப்போகிறது, மிச்சமிருக்கும் பட்ஜெட்டைச் செலவழிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வார்கள். டீ-சர்ட், பாட்டில், டைரி. நடுவில் மார்ச் 8 வந்தது, பெண்கள் தினத்துக்குப் பிங்க் கலரில் ஒரு பூவும் பெண் முகத்தின் பக்கவாட்டு நிழலும் கேட்டார்கள். டீமில் இருந்த பெண்களே வேண்டாம் என்றார்கள். பிங்க் ஜெயித்தது.

இனி குறைகள். முதலில் போர்ட்ஃபோலியோ. சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தின்படி வெளியிடாத எதையும் காட்டக்கூடாது. வெளியானதைக் காட்டலாமா என்று கேட்டால், "எச்ஆரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. லிங்க்ட்இனில் எல்லாரும் பார்க்கும் போஸ்ட்டுக்கு எதற்கு ரகசியம்? ஆஃபர் லெட்டர் வரும்போதே "வெளியான வேலைகளைப் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கலாம்" என்று ஒரு வரி மெயிலில் வாங்கிவிடுங்கள், அப்போது சுலபமாகத் தருவார்கள், கடைசி நாளில் யாருக்கும் உங்கள் பெயர்கூட ஞாபகம் இருக்காது. இரண்டாவது, சர்டிஃபிகேட். எனக்கு "மார்க்கெட்டிங் இன்டர்ன்" என்று அடித்துக் கொடுத்தார்கள். கல்லூரியில் அதை ஏற்கவில்லை, டிசைன் என்று இருந்தால்தான் வைவாவுக்கு உட்காரலாம் என்றார்கள். மாற்றி வாங்குவதற்குள் பெரும்பாடு. மூன்றாவது, லேப்டாப். முதல் சில வாரம் என் சொந்த லேப்டாப்பில்தான் வேலை, அடோபி லைசென்ஸும் தாமதம், அதுவரை கேன்வாவில் எச்ஆர் செய்துவைத்த பிறந்தநாள் கார்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய கட்டிடம் வைத்திருப்பவர்களிடம் ஒரு மவுஸ் கேட்டு டிக்கெட் போட்டுக் காத்திருந்ததை என்னவென்று சொல்வது.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால்? ஏஜென்சிக்குப் போன நண்பனிடம் காட்டுவதற்குப் பளிச்சென்று பத்து வேலை இருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருவளையமும் இருக்கிறது, ராத்திரி பதினொன்றுக்கு முன் அவன் போனை எடுத்ததே இல்லை. இன்னொருத்தன் சிவகாசியில் காலண்டர் அச்சகத்துக்குப் போனான். அங்கே ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம் என்பதால், செமஸ்டர் நடக்கும் மாதங்களில் புது டிசைன் வேலைதான் ஓடிக்கொண்டிருக்கும். கலர் செபரேஷன், பேப்பர் கனம், ஃபாயில் பற்றியெல்லாம் அவன் பேசினால் நான் வாயை மூடிக்கொள்வேன். அங்கே கற்பதை ஓஎம்ஆரில் எந்த ஜென்மத்திலும் கற்க முடியாது. பிரின்டில் ஆர்வம் உள்ளவர்கள், ஏசி கட்டிடத்தைப் பார்த்து மயங்காமல் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

என்னை மறுபடி அனுப்பினால் அதே டீமுக்குப் போவேன், அந்த சீனியர் இன்னும் அங்கே இருந்தால். இன்டர்வியூவின் கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள் இல்லையா, அப்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: டீமில் எத்தனை டிசைனர், நான் யாருக்கு ரிப்போர்ட் செய்வேன், போன இன்டர்ன் செய்த ஒரு வேலையைப் பார்க்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் அடுத்த மெயிலை வேறு கம்பெனிக்குத் தட்டிவிடுங்கள். டிசம்பரில் சேர வேண்டும் என்றால் செப்டம்பரிலேயே அனுப்பத் தொடங்க வேண்டும், பொது எச்ஆர் மெயிலுக்குப் போட்டால் கிணற்றில் போட்ட கல்தான், லிங்க்ட்இனில் அந்த நிறுவனத்தின் டிசைனரைத் தேடி அவருக்கே எழுதுங்கள். பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும். கல்லூரியில் இருந்து வாங்கும் நோ அப்ஜெக்ஷன் கடிதத்தில் "கிராஃபிக் டிசைன்" என்ற இரண்டு வார்த்தையும் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், அதைப் பார்த்துத்தான் எச்ஆர் சர்டிஃபிகேட் அடிப்பார்கள்.